வரிசையில் அடுத்து யார்?

பேரேட்டில் எழுதிய பெயர் முதல் ஆதார் கேட்கும் செயலி வரை: ரயில் முன்பதிவு வந்த வழியும், இனி போகவேண்டிய வழியும்

நவம்பர் நடுவில் ஒரு காலை. பொங்கலுக்கு ஊர் போகும் ரயில்களுக்கு முன்பதிவு திறக்கும் நாள். எட்டு மணியாகப் பத்து நிமிடம் இருக்கும்போதே திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளிலும் ஓ.எம்.ஆர். அலுவலகங்களிலும் வேளச்சேரி அடுக்குமாடிகளிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கைப்பேசியும் கையுமாகத் தயாராகிவிடுகிறார்கள். அதே நேரத்தில் தாம்பரம், மாம்பலம், எழும்பூர் நிலையங்களின் முன்பதிவு கவுன்டர்களில், விடியுமுன்னே வந்து இடம்பிடித்தவர்கள் பூர்த்தி செய்த படிவத்தோடு நிற்கிறார்கள். எட்டு மணி அடிக்கிறது. நெல்லை, பாண்டியன், பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி என்று ஒவ்வொரு ரயிலாக நிரம்புகிறது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே காத்திருப்புப் பட்டியல் ஏறுகிறது. கொஞ்ச நேரத்தில் அதுவும் மூடிக்கொள்ள, ‘ரிக்ரெட்’ என்ற ஒற்றைச் சொல் திரையில் வந்து நிற்கிறது.

அன்று நாள் முழுவதும் டீக்கடையிலும் அலுவலகத்திலும் ஊரிலிருந்து வரும் போனிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “டிக்கெட் கிடைச்சுதா?”

கிடைத்தவருக்கு ஏன் கிடைத்தது, கிடைக்காதவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று புரிந்துகொள்ள, இந்தியாவின் மிகப்பெரிய கணினி அமைப்புகளில் ஒன்றின் நாற்பது ஆண்டுக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கதையின் மையத்தில் இருப்பது ஓர் எளிய விதி. பண்டிகைக் கூட்டம் வந்தால் விமானக் கட்டணம் ஏறுகிறது, ஆம்னி பஸ் கட்டணமும் ஏறுகிறது. ரயிலின் சாதாரண முன்பதிவில் மட்டும், ஆடி மாதத்து வியாழக்கிழமையில் திருநெல்வேலிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் என்ன கட்டணமோ, அதே கட்டணம்தான் பொங்கலுக்கு முந்தைய நாளிலும். கூடுதலாகப் பணம் வைத்திருப்பவர் முந்த முடியாது. முதலில் வந்தவருக்கு முதலில் இடம். ஏழையும் பணக்காரரும் ஒரே வரிசையில் நிற்கும் இடங்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை. இது அவற்றில் ஒன்று. இந்த விதியைக் காப்பாற்றத்தான் ரயில்வேக்குக் கணினி வந்தது. இன்று அதே விதிக்குச் சோதனை வந்திருப்பதும் கணினியின் வழியாகத்தான்.

எண் போட்ட அட்டை

ரயில் டிக்கெட் என்பதே நேர்மையை உறுதி செய்யப் பிறந்த தொழில்நுட்பம். இங்கிலாந்தில் ரயில் ஓடத் தொடங்கிய புதிதில் நிலைய அலுவலர் ஒவ்வொரு பயணிக்கும் கையால் சீட்டு எழுதிக் கொடுத்தார். நேரமும் பிடித்தது, வாங்கிய பணம் முழுவதும் கணக்கில் வந்ததா என்று சரிபார்க்கவும் வழியில்லை. மரச்சாமான் செய்யும் தச்சுத் தொழில் கற்று, பிறகு நியூகாசில்-கார்லைல் ரயில் பாதையில் ஒரு சிறு நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த தாமஸ் எட்மண்ட்சன், 1830-களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். முன்கூட்டியே அச்சிட்ட சிறு கெட்டி அட்டைகள். ஒவ்வொன்றிலும் வரிசை எண். விற்கும்போது தேதி குத்த ஒரு சிறு இயந்திரம். மாலையில் அடுத்து விற்க வேண்டிய எண்ணிலிருந்து காலையில் முதலில் விற்ற எண்ணைக் கழித்தால் கணக்கு வந்துவிடும்.

1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் நம் அப்பாவும் தாத்தாவும் வாங்கியது எட்மண்ட்சன் வகுத்துக் கொடுத்த அந்த அட்டையைத்தான். டிக்கெட் பரிசோதகர் அதில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுத்ததும், இறங்கிய நிலையத்தில் அதை ஒப்படைத்துவிட்டு வெளியே வந்ததும் நாற்பது வயது தாண்டியவர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும்.

பணக்கணக்கை அந்த அட்டை சரியாகக் காட்டியது. ஆனால் ‘எந்தப் படுக்கை யாருக்கு’ என்பது அதைவிடப் பெரிய கணக்கு. ரயில்வே தடுமாறிய இடம் அதுதான்.

பேரேட்டுக் காலம்

எண்பதுகளின் நடுப்பகுதி வரை முன்பதிவு முழுவதும் கைவேலை. ஒவ்வொரு ரயிலுக்கும் ஒவ்வொரு தேதிக்கும் தடித்த பதிவேட்டில் தனிப் பக்கங்கள். படுக்கை எண்ணுக்கு நேராகப் பயணியின் பெயர், வயது, ஏறும் இடம், இறங்கும் இடம். குறிப்பிட்ட ரயிலின் பதிவேடு குறிப்பிட்ட கவுன்டரில்தான் இருக்கும். அந்த வரிசையில் நின்று முன்னால் போன பிறகு “இந்த ரயிலுக்கு அடுத்த ஜன்னல்” என்று சொல்லிவிட்டால், மறுபடியும் கடைசியில் போய் நிற்க வேண்டும். போய்விட்டுத் திரும்பி வருவதற்கும் இங்கிருந்தே பதிவு செய்ய வேண்டுமென்றால், அந்த ஊர் நிலையத்துக்குத் தந்தி போகும். பதில் வந்தால்தான் இடம் உறுதி.

பதிவேடு ஒருவரின் மேசையில் இருந்தது என்பதுதான் அந்த முறையின் பெரிய பலவீனம். எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்று வரிசையில் நிற்பவருக்குத் தெரியாது. ‘இல்லை’ என்று சொன்னால் இல்லைதான். கவுன்டரில் இல்லாத இடம் பின்கதவில் இருந்தது. தெரிந்தவர், சிபாரிசுக் கடிதம், தரகர் என்று ஒரு தனி உலகமே அந்த இருட்டில் வளர்ந்தது. அப்போது பணிபுரிந்த அலுவலர்களில் நேர்மையாக உழைத்தவர்கள் ஏராளம். பெரிய நிலையங்களில் நாள் முழுவதும் கையால் எழுதிப் பட்டியல் தயாரித்தவர்கள் அவர்கள். ஆனாலும் வெளியே நிற்பவர் பார்க்க முடியாத பதிவேட்டை எப்படி நம்புவது?

எந்த ஜன்னலிலும் எந்த ரயிலும்

இதே பிரச்சினை அமெரிக்க விமான நிறுவனங்களுக்கும் இருந்தது. அமெரிக்கன் ஏர்லைன்ஸும் ஐ.பி.எம்.மும் சேர்ந்து உருவாக்கிய ‘சேபர்’ என்ற கணினி முன்பதிவு அமைப்பு 1960-களில் அதைத் தீர்த்தது. ஆனால் இந்திய ரயில்வேயின் சிக்கல் வேறு தரத்தது. விமானம் பெரும்பாலும் ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் இறங்கிவிடும். நம் விரைவு ரயில் வழியில் பத்து, இருபது ஊர்களில் நிற்கும். ஒவ்வொரு நிலையத்திலும் ஏறுவார்கள், இறங்குவார்கள். வகுப்புகள் பல, ஒதுக்கீடுகள் பல, சலுகைகள் பல.

இதையெல்லாம் உள்ளடக்கி, அரசு நிறுவனமான சி.எம்.சி. லிமிடெட் எழுதிய மென்பொருளோடு 1985-86-ல் புதுடெல்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. ‘இம்ப்ரெஸ்’ என்பது அதன் பெயர். ரயில்வேயின் கணினிப் பணிகளுக்காகவே ‘கிரிஸ்’ என்ற தனி அமைப்பு 1986-ல் உருவானது. அடுத்த சில ஆண்டுகளில் மும்பை, கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று மற்ற நான்கு மையங்களும் வந்தன. சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் கணினி முன்பதிவு கவுன்டர்கள் வரிசையாக அமைந்தன.

பயணிக்குக் கிடைத்த முதல் விடுதலை: எந்த ஜன்னலில் நின்றாலும் எந்த ரயிலுக்கும் டிக்கெட். இரண்டாவது, அதைவிட முக்கியமானது. ஒரு கவுன்டரில் ஒரு படுக்கையைக் கொடுக்கும் அந்த நொடியில், மற்ற எல்லாக் கவுன்டர்களிலிருந்தும் அந்தப் படுக்கை பூட்டப்படுகிறது. ஒரே இடத்தை இருவருக்குக் கொடுக்க முடியாது. காலியிடத்தை மறைத்து வைப்பதும் கடினமாகிவிட்டது. இடம் இல்லையென்றால் எத்தனையாவது ஆளாகக் காத்திருக்கிறோம் என்ற எண் டிக்கெட்டிலேயே அச்சாகி வந்தது. காத்திருப்புப் பட்டியல் எண் என்பது, பார்க்கப் போனால், அரசு குடிமகனுக்குக் கொடுத்த அபூர்வமான வெளிப்படைத்தன்மை. ‘உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்’ என்று வேறு எந்த அரசு அலுவலகம் அந்தக் காலத்தில் எழுதிக் கொடுத்தது?

ஆனாலும் ஐந்து மையங்களும் ஐந்து தீவுகளாகவே இருந்தன. சென்னைக் கணினிக்கு டெல்லிக் கணினியில் இருக்கும் இடம் தெரியாது. ‘கன்சர்ட்’ என்ற மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கி ஒவ்வொரு மையமாக நிறுவப்பட்டு, 1999 ஏப்ரலில் ஐந்தையும் இணைத்தது. அன்று முதல் நாகர்கோவிலில் நின்றுகொண்டு ஹவுராவிலிருந்து கிளம்பும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்கலாம். பத்து இலக்கப் பி.என்.ஆர். எண்ணின் தொடக்கம் இன்றும் எந்த மையத்துக்கு உரிய டிக்கெட் என்பதைச் சொல்லிவிடும். நம் ஊர் ரயில்களின் பி.என்.ஆர். பெரும்பாலும் 4-ல் தொடங்குவதைப் பலர் கவனித்திருப்பார்கள். இணையம் பெரும்பாலான வீடுகளுக்கு வராத காலத்தில், உலகம் திரும்பிப் பார்க்கத்தக்க இந்தக் காரியத்தை நம் பொறியாளர்கள் செய்து முடித்தார்கள். அதற்குரிய பாராட்டு அவர்களுக்குப் போதுமான அளவு கிடைக்கவில்லை.

கூரியரில் வந்த டிக்கெட்

ஐ.ஆர்.சி.டி.சி. என்ற ரயில்வே நிறுவனம் 1999 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதன் இணையதளம் 2002 ஆகஸ்ட் 3-ம் தேதி டிக்கெட் விற்கத் தொடங்கியது. அப்போது இணையத்தில் பணம் கட்டினாலும் காகித டிக்கெட் கூரியரில்தான் வீட்டுக்கு வரும். வீட்டில் ஆள் இருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். 2005-ல் இ-டிக்கெட் வந்தது. நாமே அச்சிட்டுக்கொள்ளலாம் என்றானது. பிறகு கைப்பேசியில் வரும் குறுஞ்செய்தியும் அடையாள அட்டையுமே போதும் என்றானது. புறநகர் ரயில் போன்ற முன்பதிவில்லாப் பயணத்துக்கும் கைப்பேசி டிக்கெட் 2015-ல் சென்னைக்கு வந்துவிட்டது.

பெட்டியின் கதவோரம் பசை தடவி ஒட்டிய பயணிகள் பட்டியலில் பெயர் தேடும் காட்சி 2018 முதல் முக்கிய நிலையங்களில் மறையத் தொடங்கியது. டி.டி.இ.யின் கையில் இருந்த தாள் கட்டுக்குப் பதிலாகக் கையடக்கக் கருவி வந்திருக்கிறது. வராத பயணியின் படுக்கையை அவர் அந்தக் கருவியில் குறித்தால், அது அடுத்து காத்திருப்பவருக்குப் போகிறது. பேரம் பேசிப் படுக்கை வாங்கும் பழைய பழக்கத்துக்கு இந்தச் சிறு கருவி கொடுத்த அடி பெரியது.

இன்று முன்பதிவு டிக்கெட்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இணையத்தில்தான் எடுக்கப்படுகின்றன. கடையநல்லூரில் இருக்கும் அம்மாவுக்குச் சென்னையில் இருக்கும் மகள் இரண்டு நிமிடத்தில் டிக்கெட் எடுத்து அனுப்பிவிடுகிறாள். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போன தலைமுறைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லி முடியாது.

ஒரு படுக்கை, பல பங்கு

பழைய ஐ.சி.எஃப். வகை ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கைகள். புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. ஒரு ரயிலில் இத்தனை பெட்டி, ஆக இத்தனை படுக்கை என்று பெருக்கிவிட்டு, எட்டு மணிக்கு அத்தனையும் நமக்குத் திறக்கும் என்று நினைத்தால் தவறு. தட்கலுக்கு ஒரு பங்கு. மூத்த குடிமக்கள், 45 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குக் கீழ்ப்படுக்கைப் பங்கு. மாற்றுத்திறனாளிகளுக்கு, ராணுவத்தினருக்கு, ரயில்வே ஊழியருக்கு என்று தனித்தனிப் பங்குகள். வழியில் இருக்கும் ஊர்களுக்கு ஒதுக்கீடு. மிச்சம்தான் பொதுப்பங்கு.

‘வெயிட்டிங் 15 கன்ஃபார்ம் ஆகுமா?’ என்ற கேள்விக்கான விடையும் இதில்தான் இருக்கிறது. டிக்கெட்டில் ஜி.என்.டபிள்யூ.எல். என்றிருந்தால் அது ரயில் கிளம்பும் ஊரை ஒட்டிய பொதுப் பட்டியல். யார் ரத்து செய்தாலும் நகரும் வாய்ப்பு அதற்குத்தான் அதிகம். ஆர்.எல்.டபிள்யூ.எல்., பி.க்யூ.டபிள்யூ.எல். என்றிருந்தால் வழியில் இருக்கும் ஊர்களின் சிறிய பங்குகளைச் சார்ந்தவை. அந்தச் சிறு பங்குக்குள் யாராவது ரத்து செய்தால்தான் நகரும். டி.க்யூ.டபிள்யூ.எல். என்பது தட்கல் காத்திருப்பு. அது ஆர்.ஏ.சி. ஆவதே இல்லை. நேராக உறுதியாக வேண்டும், இல்லையென்றால் ரத்து. பொதுப் பட்டியலில் 30-ல் இருப்பவருக்குக் கிடைத்து, வழியூர்ப் பட்டியலில் 5-ல் இருப்பவருக்குக் கிடைக்காமல் போவது இதனால்தான்.

ஆர்.ஏ.சி. என்பது நம் ரயில்வேயின் தனிச்சிறப்பான ஏற்பாடு. பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இரண்டு இருக்கையாக்கி இருவரை ஏற்றிக்கொள்கிறது. யாராவது வராவிட்டால் முழுப் படுக்கை கிடைக்கும். இரவு முழுவதும் முன்பின் தெரியாதவரோடு காலை மடக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தாலும், ‘ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்’ என்ற உறுதி உண்டு. இடப் பற்றாக்குறையைப் பகிர்ந்துகொள்ளச் செய்யும் ஏற்பாடு அது.

சிபாரிசுக் கடிதம் இன்றும் உயிரோடு இருக்கும் ஓர் இடமும் உண்டு. அது அவசர ஒதுக்கீடு. அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்கள், உயர் அதிகாரிகளின் கடிதத்தின் பேரில் பட்டியல் தயாராகும் நேரத்தில் இந்தப் படுக்கைகள் ஒதுக்கப்படும். அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவருக்கு அது உண்மையிலேயே உயிர்காக்கும் உதவி. ஆனால் யாரிடம் கடிதம் கேட்பது என்று தெரிந்தவருக்குத்தான் அது எட்டுகிறது. கணினி வந்து நாற்பது ஆண்டு ஆன பிறகும் வெளிச்சம் புகாத மூலை இது.

வேகம் என்ற புதிய சிபாரிசு

திடீர்ப் பயணம் செய்பவர்களுக்காக 1997-ல் தொடங்கியது தட்கல். இன்றைய விதிப்படி, பயணத்துக்கு முந்தைய நாள் காலை பத்து மணிக்கு ஏ.சி. வகுப்புகளுக்கும் பதினொரு மணிக்கு மற்ற வகுப்புகளுக்கும் திறக்கிறது. கூடுதல் கட்டணம் உண்டு. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. 2014-ல் ‘பிரீமியம் தட்கல்’ வந்தது. அதில் இடம் குறையக் குறையக் கட்டணம் ஏறும். முதலில் வந்தவருக்கு முதலில் என்ற விதியில் விழுந்த விரிசல் இது. விமானத்தின் விதி அந்த வழியாக ரயிலுக்குள் நுழைந்துவிட்டது.

இதைவிட ஆழமான விரிசல் வேறொன்று. இணையத்தில் எல்லோரும் ஒரே நொடியில் வந்து நிற்கும்போது, ‘முதலில் வந்தவர்’ யார்? பேரேட்டுக் காலத்தில் அது கால்கடுக்க நிற்பவர். கணினிக் காலத்தில் அதிகாலையில் எழுந்து போனவர். இன்று? யாருடைய இணைப்பு வேகமானதோ அவர். பயணியின் பெயர், வயது, கட்டண விவரம் எல்லாவற்றையும் கண்சிமிட்டும் நேரத்தில் தானே நிரப்பும் மென்பொருள்கள் கள்ளச் சந்தையில் விற்பனையாயின. 2017 டிசம்பரில் இப்படியொரு மென்பொருளை உருவாக்கிய குற்றச்சாட்டில் சி.பி.ஐ. கைது செய்தது, சி.பி.ஐ.யிலேயே நிரலாளராக வேலை பார்த்த ஒருவரை! அவர் முன்பு ஐ.ஆர்.சி.டி.சி.யிலும் வேலை பார்த்தவர் என்பது செய்தியாக வந்தபோது நாடே அதிர்ந்தது.

ரயில்வே 2025-ல் வெளியிட்ட தகவல் இன்னும் தெளிவாக நிலைமையைச் சொல்கிறது. தட்கல் திறக்கும் முதல் ஐந்து நிமிடங்களில் உள்ளே நுழைய நடக்கும் முயற்சிகளில் பாதி வரை மனிதர்களுடையவை அல்ல, தானியங்கி மென்பொருள்களுடையவை. சந்தேகத்துக்குரிய சுமார் 2.5 கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. அதே அறிவிப்பில் ஒரு சாதனையும் இருந்தது. 2025 மே 22-ம் தேதி காலை பத்து மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. ஒரு நிமிடத்தில் இத்தனை டிக்கெட் விற்க முடிவது தொழில்நுட்பத்தின் வெற்றிதான். ஆனால் கட்டை விரலால் தன் பெயரைத் தட்டித் தட்டி எழுதிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு அந்த ஒரு நிமிடத்தில் என்ன வாய்ப்பு இருந்திருக்கும்?

ஆதார் வந்த பிறகு

2025 ஜூலை 1 முதல், ஆதாரால் உறுதிசெய்யப்பட்ட கணக்கு இருந்தால்தான் இணையத்தில் தட்கல் எடுக்க முடியும். தட்கல் திறந்த முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை. கவுன்டரில் எடுக்கும் தட்கலுக்கும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. வேண்டும் என்ற விதியும் வந்தது. அக்டோபர் 1-ல் வந்த விதி, சாதாரண முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடங்களையும் ஆதார் உறுதிசெய்த கணக்குகளுக்கே ஒதுக்கியது. இதற்கு முன்பே, 2024 நவம்பர் 1 முதல், முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்திருந்தார்கள். புறப்படும் நேரத்துக்கு நான்கு மணி நேரம் முன்பு தயாராகிக்கொண்டிருந்த முதல் பயணிகள் பட்டியலை எட்டு மணி நேரம் முன்பே தயாரிக்கும் மாற்றமும் 2025-ல் வந்தது. கிடைக்காதவர் கடைசி நேரத்தில் பெட்டியோடு அலையாமல் மாற்று வழி தேட அவகாசம் கிடைக்கிறது.

போலிக் கணக்குகளை இந்த நடவடிக்கைகள் கட்டுப்படுத்தும் என்பதில் சந்தேகமில்லை. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி தேவைப்படுகிறது. ஸ்மார்ட்போன், ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண், வங்கிக் கணக்கு அல்லது யு.பி.ஐ., நிலையான இணைய இணைப்பு, இவற்றோடு ஆங்கிலமோ இந்தியோ படிக்கும் திறன். ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் அந்த இரண்டு மொழிகளில்தான் இயங்குகிறது. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த கட்டடத் தொழிலாளிக்கு இந்தச் சாவிகளில் எத்தனை கையில் இருக்கும்?

கவுன்டரில் நிற்பவர்

அவர் கவுன்டருக்குத்தான் வருவார். படிவத்தைப் பக்கத்தில் நிற்கும் கல்லூரி மாணவனிடம் கொடுத்து, “தம்பி, கொஞ்சம் எழுதிக் குடுப்பா” என்று கேட்பார். எட்டு மணிக்கு ஜன்னல் திறந்து, முதல் ஆளின் விவரங்களை அலுவலர் தட்டச்சு செய்து முடிப்பதற்குள் இணையத்தில் ரயிலே நிரம்பியிருக்கும். முதல் இரண்டு மூன்று பேருக்குக் கிடைத்தால் அதிர்ஷ்டம். ஐந்தாவது ஆளாக நிற்பவர் மணிக்கணக்கில் காத்திருந்தது வீண். வரிசை என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதில் முறைப்படி நின்றவர் அவர்தான். தோற்றவரும் அவர்தான்.

தோற்ற பிறகும் அவருக்கு நடப்பது வேறு மாதிரி. இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் உறுதியாகவில்லை என்றால் தானாகவே ரத்தாகி, பிடித்தம் போக மீதிப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கவுன்டரில் எடுத்த டிக்கெட் அப்படித் தானாக ரத்தாகாது. ரயில் கிளம்பும் முன் அவரே முயன்று ரத்து செய்ய வேண்டும், பணத்தையும் கவுன்டருக்குப் போய்த்தான் வாங்க வேண்டும். தவறினால் பணமும் போய்விடும். ஒரே ரயில், ஒரே கட்டணம், ஒரே காத்திருப்புப் பட்டியல். கிடைக்காதபோது மட்டும் இரண்டு விதமான நியாயம்.

திருப்பூரிலும் அம்பத்தூரிலும் வேலை பார்க்கும் பிகார், ஒடிசா தொழிலாளர்களின் நிலையும் இதேதான். தீபாவளிக்கும் சத் பூஜைக்கும் சென்னை சென்ட்ரலில் பொதுப்பெட்டிக்கு முண்டியடிப்பவர்களில் பெரும்பாலோர் முன்பதிவு செய்ய மனமில்லாதவர்கள் அல்ல. முன்பதிவு அவர்களுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது.

படுக்கை எங்கே?

எந்த மென்பொருளும் ஒரு படுக்கையைக்கூட உண்டாக்காது. ஆயிரம் பேர் கேட்டு நூறு படுக்கை இருந்தால், மிகச் சிறந்த அமைப்பும் தொள்ளாயிரம் பேரைத் திருப்பி அனுப்பத்தான் செய்யும். வாழ்வாதாரம் தேடித் தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் மக்கள் வந்துகொண்டே இருக்க, ரயில்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் பெருகவில்லை. சென்னை-கன்னியாகுமரித் தடத்தில் இரட்டைப்பாதைப் பணி பல ஆண்டுகள் இழுத்து, அண்மையில்தான் நிறைவுக்கு வந்தது. ஒற்றைப் பாதையில் எதிர்வரும் ரயிலுக்காக நின்று நின்று போனதால் கூடுதல் ரயில் விட இடமில்லை என்ற பதில் இனி பொருந்தாது. பல ரயில்களில் ஸ்லீப்பர் பெட்டிகளைக் குறைத்து ஏ.சி. பெட்டிகளைக் கூட்டியதும் சாதாரணக் குடும்பங்களைப் பாதித்திருக்கிறது.

எனவே முதல் கோரிக்கை, இரட்டைப்பாதை கொடுத்திருக்கும் இடத்தில் இரவு நேர ஸ்லீப்பர் ரயில்கள் வர வேண்டும். பண்டிகைச் சிறப்பு ரயில்களைக் கடைசி வாரத்தில் அறிவிக்காமல், முன்பதிவு திறக்கும் அதே நாளில் அறிவிக்க வேண்டும். கூட்டம் எவ்வளவு என்பது முதல் நாள் காலையிலேயே கணினிக்குத் தெரிந்துவிடுகிறது.

இரண்டாவது, கவுன்டருக்கென்று ஒரு பங்கு. பெரும் பண்டிகை நாட்களுக்காவது, பொதுப்பங்கில் ஒரு சிறு பகுதியை நிலைய வரிசைக்கென்று தனியே வைக்கலாம். இத்தனை வகை ஒதுக்கீடுகளைச் செய்யத் தெரிந்த மென்பொருளுக்கு இன்னும் ஒன்று பாரமாகாது. இணையத்தில் முதல் சில நிமிடங்களுக்குள் வந்த கோரிக்கைகள் அனைத்தையும் சேர்த்துக் குலுக்கல் முறையில் கொடுக்கலாமா என்பதையும் ரயில்வே ஆராய வேண்டும். குலுக்கலில் வேகமான மென்பொருளுக்கும் மெதுவான விரலுக்கும் வாய்ப்பு ஒன்றே.

மூன்றாவது, இணையதளம் தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் வேண்டும். கவுன்டர் காத்திருப்பு டிக்கெட்டும் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பும் ஏற்பாடு வேண்டும். கைப்பேசி எண் படிவத்திலேயே இருக்கிறது, செய்ய முடியாத காரியம் இல்லை.

நான்காவதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம். ஒரு நிமிடத்தில் எத்தனை டிக்கெட் விற்றோம் என்று ரயில்வே பெருமையோடு வெளியிடுகிறது, வெளியிடட்டும். கூடவே, ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒவ்வொரு ரயிலுக்கும் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்கு உறுதியானது, கவுன்டரில் எத்தனை, இணையத்தில் எத்தனை, அவசர ஒதுக்கீட்டில் எத்தனை, கடைசிவரை காத்திருந்து கிடைக்காமல் போனவர்கள் எத்தனை என்ற கணக்கையும் பெயர்கள் இல்லாமல் வெளியிட வேண்டும். யாரும் புதிதாகக் கணக்கெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பி.என்.ஆரும் அந்தக் கணினியில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் மேசைமேல் மறைந்திருந்த பேரேட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ரயில்வேதான். அந்த வேலையின் மிச்சப் பாதியையும் அதுவே செய்து முடிக்கட்டும். எந்தத் தடத்துக்கு எத்தனை ரயில் தேவை என்று மக்களும் மக்கள் பிரதிநிதிகளும் கையில் ஆதாரத்தோடு கேட்க அந்தக் கணக்கு ஒன்றே போதும்.